லாரி வயிற்றில் திமிங்கிலம்

அத்திம்பேர் லாரி வாங்கியதில் எனக்குச் சம்மதம் இல்லை. இதை அவரிடம் சொன்னேன், அவர் மனைவியான என் அக்காவிடம் சொன்னேன், காது கொடுத்த எல்லாரிடமும் சொன்னேன். அந்த வீட்டில் என் சம்மதத்தை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை என்பது வேறு விஷயம். பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். இங்கிலீஷில் எது வந்தாலும் அத்திம்பேருக்குப் படித்துச் சொல்வது, மற்ற நேரங்களில் எதற்காவது கோபப்படுவது, இவை இரண்டும் என் உத்தியோகம்.

அத்திம்பேர் கல்யாணங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர். சமையல் என்ற வார்த்தையை அவர் காதில் போடக்கூடாது. தளிகை என்றுதான் சொல்ல வேண்டும். ரசத்தைச் சாத்துமுது என்றும் பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும். ஸ்ரீரங்கத்திலும் சுற்றுப்பட்டு அக்ரகாரங்களிலும் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் அவர் கைமணம் மட்டும் அல்ல. துறையூர்ச் சாலையில் ஓர் அக்ரகாரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சொந்தத் தம்பி வீட்டில்கூடத் தீர்த்தம் வாங்கிக் குடிக்க யோசிப்பார். அப்படிப்பட்டவர் வெளியே சாப்பிடுவது என்று ஒன்று இருந்தால் அது அத்திம்பேர் தளிகை செய்த இடத்தில் மட்டும்தான். "அவரே கை நனைக்கிறார்னா அப்புறம் என்ன?" என்று சொல்லித்தான் எல்லாரும் அத்திம்பேரைத் தேடி வந்தார்கள். அந்தப் பெரியவர் ஒருநாள் இலையை விட்டு எழுந்துவிட்டால், அத்திம்பேரும் அவரை நம்பிய தளிகைக்காரர்களும் அக்காவும் அவளை நம்பிய நானும் காவேரி மணலை எண்ண வேண்டியதுதான்.

அப்போது கைலாசபுரம் பக்கம் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கட்டட வேலை எடுத்திருந்த ஒரு காண்டிராக்டர் தன் பழைய சாமான்களை ஏலத்தில் தள்ளினார். அதில் ஓர் அமெரிக்க லாரி. எந்தப் பட்டாளத்திலிருந்து எந்தக் கப்பலில் வந்ததோ, பச்சைப் பெயிண்டுக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் சாம்பல் என்று பூசி, அங்கங்கே உரிந்து மூன்றும் தெரிந்தது. மாட்டு வண்டியில் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு விடிய விடியப் போய்ச் சேருவதில் அத்திம்பேருக்கு அலுத்துப் போயிருந்தது. "இவ்வளவு பெரிசு, இவ்வளவு மலிவு, ஏன்னு யோசிச்சேளா?" என்று கேட்டேன். "நீ வாயை மூடிண்டிருந்தா பெருமாள் யோசிச்சுப்பார்" என்றார். தை மாதத்தில் ஒரு நல்ல நாளில் லாரி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

யாரும் அதை வாங்காததற்குக் காரணம் டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் தெரிந்தது. அதில் கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். டிரைவர் தென்னூர்க்காரர், பல வருஷம் மெட்ராஸ் ரோட்டில் லாரி ஓட்டியவர். அவருடைய தலைக்கு இது உடனே புரிந்துவிட்டது. இடது காலுக்குப் புரியவில்லை. வண்டி வேகம் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய், அகலமாக இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் அண்டா, உருளி, தவலை, அவற்றுக்கு நடுவில் தளிகைக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் முன்னால் வந்து மோதுவார்கள். நாங்கள் தெற்கு வாசலைத் தாண்டுவதற்குள் அந்தச் சத்தம் வடக்குச் சித்திரை வீதி வரை கேட்டுவிடும்.

"மன்னிச்சுக்குங்க சாமி, காலு கேக்க மாட்டேங்குது" என்பார் டிரைவர்.

"அதைக் கட்டிப் போட்டுக்கோப்பா" என்பார் அத்திம்பேர். கடைசியில் டிரைவர் துண்டால் இடது காலை சீட்டின் இரும்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினார்.

ஆவணியில் வண்டிக்கு நோய் வந்தது. கொள்ளிடம் பாலத்து ஏற்றத்தில் எஞ்ஜின் தொண்டை கிழியக் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. வீட்டில் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "நம்மாத்துலயும் ஒண்ணு அப்படி இருக்கே" என்று என்னைப் பார்த்தாள். கோபப்பட எனக்கு நேரம் இல்லை. அந்த வாரமே பெரியவர் வீட்டில் கல்யாணம். அவருடைய தம்பி பேத்திக்கு. தளிகை அத்திம்பேர். வண்டி உடனே சரியாக வேண்டும்.

பாலக்கரையில் ஒரு பாய் மெக்கானிக் இருந்தார். யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க் ஷாப்பில் வெள்ளைக்காரர்களோடு வேலை செய்தவர். லாரிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தார்.

"கியர் எண்ணெய் கெட்டுப் போச்சுங்க சாமி. இந்த வண்டிக்கு எண்ணெய்தான் எல்லாம். எண்ணெய் அழுத்தம் கொடுத்தாத்தான் கியர் பிடிக்கும். அடித்தட்டைக் கழட்டி, பழசை இறக்கி, உள்ள ஒரு சல்லடை இருக்கு, அதையும் கழுவி மாட்டிப் புதுசு ஊத்தணும்."

அடித்தட்டைக் கழற்றினார். கறுப்பாக ஏதோ வந்து கொட்டியது. அத்திம்பேர் குனிந்து ஒரு முறை மோந்து பார்த்தார்.

"அடிப்பிடிச்சிருக்கு" என்றார். "இதை எப்பவோ இறக்கியிருக்கணும். மேலாகக் கருகலை, உள்ளே வரைக்கும் கருகியிருக்கு."

பாய் அவரை மரியாதையோடு பார்த்தார். "சரியாச் சொன்னீங்க. கருகின எண்ணெயிலதான் பிடிமானம் போகும்."

இரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே ஒத்துப் போய்விட்டது. சல்லடையை வெளியே எடுத்துக் காட்டினார் பாய். கம்பி வலை, அதன்மேல் பாலில் ஆடை படிந்தது போல மண்டி. அத்திம்பேர் அதை நகத்தால் சுரண்டி, "இதுல எப்படி வடியும்?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

பாய் புது எண்ணெய் டின்னைத் திறந்தார். குங்குமத்தைக் கரைத்தது போலச் சிவப்பாக இருந்தது. அத்திம்பேருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த டப்பாவைத் திறந்தாலும் உள்ளே என்ன என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்காமல் விட மாட்டார். பெருங்காயத்தில் எவ்வளவு கோந்து, மஞ்சள்பொடியில் எவ்வளவு மாவு என்று கேட்டே கடைத்தெருவை நடுங்க வைத்தவர்.

"இதுல என்னல்லாம் சேத்திருக்கு?" என்றார்.

பாய்க்குச் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "மண்ணெண்ணெய் எடுக்கிற அதே கிணத்து எண்ணெய்தாங்க. அப்புறம் நுரை கட்டாம இருக்க ஒரு மருந்து. சிவப்புச் சாயம். அதோட வழுக்கலுக்குத் திமிங்கிலக் கொழுப்பு."

நான் இருமினேன். பாய் கவனிக்கவில்லை. "பட்டாளத்துல ஒரு துரைதாங்க சொன்னாரு. அதுக்கு ஈடா வேற எதுவும் கிடையாதாம். எங்களுக்குக் கடல்ல உள்ளது ஆகும். உங்களுக்கு…" என்றவர், அப்போதுதான் அத்திம்பேர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்குப் பாய் மேல் கோபம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொன்ன மனுஷன்மேல் கோபப்படுவது நியாயமில்லைதான். நியாயம் பார்த்தா நான் கோபப்படுகிறேன்?

அத்திம்பேர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். பழைய எண்ணெயும் இதே சரக்காகத்தான் இருந்திருக்கும். அந்த லாரியில்தான் தை மாதத்திலிருந்து அரிசி போனது, பருப்பு போனது, மடியாக உலர்த்திய அப்பளம் போனது. அதே லாரியில் போன சாமான்களில் செய்த தளிகையைத்தான் பெரியவர் சாப்பிட்டார்.

"அது எங்கேயோ அடியில, இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கு. அரிசியா அதைத் தொட்டது?" என்றேன்.

"வண்டிக்குள்ள இருக்கோல்லியோ?"

"இருந்தா?"

"நீ பேசாதே. நீ பி.ஏ." என்றார். அந்தப் படிப்பை அவர் அப்படித்தான் உபயோகித்தார்.

அடுத்து அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அன்று வரவில்லை. அடித்தட்டையும் சல்லடையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பாத்திரம் தேய்க்கிற அம்மாளிடம் கொடுத்துப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். அமெரிக்கத் தகரம் வெண்கலப் பானை போலப் பளபளத்தது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் வாங்கிவந்து, தன் கையாலேயே கலந்து, மடி வேஷ்டித் துணியில் வடிகட்டினார். எது எவ்வளவு என்று கேட்டேன். "கண் அளவு" என்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குத் திரும்பினோம்.

பாய் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். "சாமி, இதைத் தலையில தேச்சுக் குளிக்கலாம். கியருக்கு நிக்காதுங்க. சூடேறினா நுரை கட்டும்."

"சூடேறாத அடுப்பா நான் பாத்தேன்? நான் பாத்துக்கறேன்."

"வண்டி நின்னா என் பேரைச் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

அடித்தட்டை மாட்டுவதற்கு முன்னால் அத்திம்பேர் சொம்பில் கொண்டுவந்திருந்த காவேரித் தீர்த்தத்தைத் துளசியால் தெளித்து மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். பாய் பாய்ந்துபோய்த் தன் தோள் துண்டால் கியர் பெட்டியின் திறந்த வாயைப் பொத்திக்கொண்டார். "தண்ணி மட்டும் உள்ள போகக் கூடாதுங்க சாமி. மந்திரம் போகட்டும்" என்றார். மந்திரம் முடிகிறவரை ஒரு மரியாதையான மனிதர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணெய் ஊற்றினார்கள். எஞ்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் சூடாக இருக்கும்போதுதான் கம்பியை விட்டு அளவு பார்க்க வேண்டும் என்றார் பாய். "எண்ணெய் காய்ஞ்சப்புறம்தான் எதுவும் தெரியும், இது எனக்குச் சொல்லணுமா?" என்று அத்திம்பேருக்கு ஒரே திருப்தி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் கிளம்பினோம். குறை சொல்லக்கூடாது, வண்டி நன்றாகவே ஓடியது. கொள்ளிடம் பாலத்தை முனகாமல் ஏறி இறங்கியது. அத்திம்பேர் என்னைப் பார்த்த பார்வையில் பி.ஏ. பட்டம் முழுவதும் கரைந்து போயிற்று. மண்ணச்சநல்லூரை நெருங்கும்போது எனக்குப் பசித்தது. ஏன் இப்படித் திடீரென்று பசிக்கிறது என்று யோசித்தேன். பின்னாலிருந்து தளிகைக்காரர்கள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. முறுக்கு வாசனை என்றார் ஒருவர், இல்லை, அதிரசம் என்றார் இன்னொருவர். லாரி வெந்துகொண்டிருந்தது.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் கடந்து போகும்போது தலையைத் திருப்பினார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் லாரியை விட்டுப் பிரியாமல் கூடவே மிதித்துவந்து, "என்னங்க போடுறீங்க உள்ள?" என்று கேட்டார். "கியர்" என்றேன். அவர் நம்பவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

கொஞ்ச நேரத்தில் அளவு பார்க்கிற குழாய் வழியாக நுரை பொங்கி வழிந்து புகையத் தொடங்கியது. அத்திம்பேர் இறங்கி நின்று அதைப் பார்த்தார். "தீயைக் குறைக்கணும்" என்றார். லாரியில் எதைக் குறைப்பது என்று டிரைவருக்குத் தெரியவில்லை. ஆறவிட்டுக் கிளப்பினோம். எஞ்ஜின் கத்தியது. வண்டி அசையவில்லை. டிரைவர் கியர்க் கம்பியை இருந்த எல்லா இடத்துக்கும் தள்ளிப் பார்த்தார். அங்கே இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது.

"அந்த ஆர் எதுக்கு இருக்கு? அதையும் போட்டுத் தொலையுங்கோ" என்றேன் எரிச்சலில்.

போட்டார். லாரி கம்பீரமாகப் பின்னால் போயிற்று.

முன்னால் ஓர் அங்குலம் போகாத வண்டி, பின்னால் எங்கே வேண்டுமானாலும் வரத் தயாராக இருந்தது. சாலையோரக் களத்துமேட்டில் அதை ஓட்டித் திருப்ப முடியாமல், அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளி முகத்தைத் திருச்சிப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அப்புறம் பின்புறமாகவே அக்ரகாரத்தை நோக்கிக் கிளம்பினோம். டிரைவர் கால் கட்டை அவிழ்த்துவிட்டு, கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார். ஆச்சரியம் என்னவென்றால் அவருடைய இடது கால் ஒருமுறைகூடத் தொந்தரவு செய்யவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தளிகைக்காரர்கள் அன்றைக்குத்தான் போகிற ஊரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர்கள் எங்களை ஊரை விட்டு ஓடுகிறவர்கள் என்று நினைத்து, "என்னங்க ஆச்சு?" என்று விசாரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அத்திம்பேர் எதிலும் சேரவில்லை. முன் கண்ணாடி வழியாக, விலகிப் போய்க்கொண்டிருந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடப் போறேன்" என்றார்.

"எதை?"

"திமிங்கிலத்தை. பெரியவர்கிட்ட."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அவர் கேக்கப் போறாரா? உலகத்துல யாராவது கேப்பாளா? பாய் சொல்ல மாட்டார். டிரைவர் சொல்ல மாட்டார். நம்மாத்து அடுப்புல நீங்களே தண்ணியை ஊத்தணுமா?" அக்காவைச் சொன்னேன், தளிகைக்காரர்களின் குழந்தை குட்டிகளைச் சொன்னேன். நல்ல சொற்பொழிவு. லாரி போன திசையிலேயே அதுவும் போயிற்று.

அக்ரகாரத்துக்குள் வால் பக்கமாக நுழைந்தோம். பந்தலுக்கு நேராகப் பின்கதவு வந்து நின்றது. பெரியவர் வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. லாரியை மேலும் கீழும் பார்த்தார். "சாமான் இறக்கச் சௌகரியமா நிறுத்தியிருக்கார்" என்றார். தளிகைக்காரர்கள் கதவைத் திறக்கப் போனார்கள். அத்திம்பேர் கை காட்டித் தடுத்துவிட்டு, தெருவிலேயே விழுந்து சேவித்தார். எழுந்து கை கட்டி நின்றார்.

"ஸ்வாமி, இறக்கறதுக்கு முன்னாடி அடியேன் ஒண்ணு விண்ணப்பம் பண்ணிக்கணும். இந்த வண்டில திமிங்கிலம் இருந்தது."

"திமிங்கிலமா?"

"அதோட கொழுப்பு. கியர் எண்ணெயில கலந்திருக்காம். அடியேனுக்கு இந்த வாரம்தான் தெரிஞ்சுது. எடுத்துட்டேன். தேச்சு அலம்பி, நல்லெண்ணெய் ஊத்தியிருக்கேன். ஆனா தை மாசத்துலேருந்து இருந்திருக்கு."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். தை மாதத்துக்குப் பிறகு எந்தெந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டோம் என்று அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கோபிப்பார், உள்ளே போய்க் குளிப்பார், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வேலை தேடி எந்த ஊருக்குப் போகலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"நான் கேட்டேனா?" என்றார் கண்ணைத் திறந்து.

"இல்லை ஸ்வாமி."

"பின்னே ஏன் சொன்னே?"

"நாளைக்குத் தேவரீர் இலைல உக்காந்தா அடியேனால பரிமாற முடியாது. கை வராது."

பெரியவர் நடந்து வந்து லாரிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெயைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"நல்லெண்ணெய் ஊத்தினதுக்கு அப்புறம்தான் பின்னாடியே வரதா?"

"ஆமாம் ஸ்வாமி."

"லாரிக்கு ஆசாரம் கிடையாதுப்பா. அதுக்கு எது ஒத்துக்குமோ அதை ஊத்து." கொஞ்சம் நிறுத்தினார். "நான் காஞ்சிபுரத்துக்கு ரயில்ல போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தேன். அந்த ரயிலுக்கு என்ன எண்ணெய்னு நான் கேக்கலை. நீ கேட்டிருக்கே. போ, போய் அடுப்பை மூட்டு."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். தளிகைக்காரர்கள் அண்டாக்களை இறக்கினார்கள். அத்திம்பேர் நின்ற இடத்திலேயே நின்றார். நான்தான் அவரைக் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் அழைத்துக்கொண்டு போனேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்படி ஒரு மனுஷருக்கு மச்சினனாக இருப்பதில் பெருமையாக இருந்தது.

மறுநாள் தாலி கட்டி முடிந்து முதல் பந்தி. பெரியவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அவர் இலைக்கு அத்திம்பேரைத் தவிர யாரும் பரிமாறுவதில்லை. பெரியவருக்கும் சில விதிகள் உண்டு. சாப்பிடும்போது வாயைத் திறக்க மாட்டார், எதையும் இரண்டாம் முறை வாங்க மாட்டார், போட்டதைச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அத்திம்பேர் சாத்துமுதை எடுத்துக்கொண்டு போனபோது பந்தி முழுவதும் அந்த இலையைத்தான் பார்த்தது. தெருவில் நடந்தது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அத்திம்பேர் ஊற்றியதில் கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்திவிட்டது.

பெரியவர் சாதத்தைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். அத்திம்பேர் அடுத்த இலைக்கு நகர்ந்திருந்தார். பெரியவர் வலது கையைக் குழித்து அவர் பக்கம் நீட்டினார். அத்திம்பேருக்கு முதலில் புரியவில்லை. பிறகு குனிந்து, அந்தக் கையில் சாத்துமுதை ஊற்றினார். பெரியவர் அதை உறிஞ்சிக் குடித்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினார்.